ஒரு பவுண்டு கொத்துக்கறி, ஐந்து தட்டு

அமெரிக்கப் பலசரக்குக் கடைகளில் ஐம்பது வருஷத்துக்கு மேலாக ஒரு அட்டைப்பெட்டி விற்றுக்கொண்டிருக்கிறது. பெயர் ஹாம்பர்கர் ஹெல்ப்பர். உள்ளே கொஞ்சம் உலர்ந்த பாஸ்தா, ஒரு பொட்டலம் மசாலாத் தூள், அவ்வளவுதான். கறி கிடையாது. அதை நீங்கள்தான் வாங்கணும். ஒரு பவுண்டு மாட்டுக் கொத்துக்கறியை, அதாவது சுமார் 450 கிராமை, வாணலியில் போட்டு நிறம் மாறும்வரை வதக்க வேண்டியது. கசிந்து வந்த கொழுப்பை வடித்துவிட்டு, அதே வாணலியில் தண்ணீர், பால், தூள், பாஸ்தா எல்லாவற்றையும் கொட்டி மூடி வைக்க வேண்டியது. கால் மணி நேரத்தில் ஐந்து பேருக்கு ராத்திரிச் சாப்பாடு தயார். கழுவ ஒரே பாத்திரம்.

இதன் பிறப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். 1970களில் கறி விலை எகிறியது, இல்லத்தரசிகள் கறி வாங்க மாட்டோம் என்று போராடினார்கள், அந்தச் சமயத்தில் ஜெனரல் மில்ஸ் கம்பெனி இந்தப் பெட்டியைக் கொண்டுவந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இடிக்கிறது. பெட்டி அமெரிக்காவின் மேற்குக் கரையில் கடைக்கு வந்தது 1970 டிசம்பரில். நாடு முழுக்கப் போனது 1971-ல். கறிப் புறக்கணிப்புப் போராட்டம் நடந்தது 1973 ஏப்ரலில். விலை கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது உண்மை, அதைக் கம்பெனி கவனித்திருந்ததும் உண்மை. ஆனாலும் பெரிய நெருக்கடி வந்து கதவைத் தட்டியபோது பெட்டி ஏற்கெனவே வீட்டு அலமாரியில் உட்கார்ந்திருந்தது. முதல் வருஷத்திலேயே அமெரிக்கக் குடும்பங்களில் 27 சதவீதம் அதை வாங்கியதாகக் கம்பெனியே சொல்கிறது.

அப்படியானால் நாலில் ஒரு வீட்டுக்கு மேல் வாங்கியது எதற்காக? மக்ரோனியும் கொத்துக்கறியும் சேர்த்துச் சமைப்பது அவர்களுக்குப் புதுசா என்ன? துளிகூட இல்லை. அதற்கு இன்னும் கொஞ்சம் பின்னால் போகணும்.

அதே சட்டிச் சாப்பாடு, அதாவது மக்ரோனி, கொத்துக்கறி, வெங்காயம், தக்காளி, அமெரிக்காவில் ஊருக்கு ஒரு பெயரோடு முன்பே இருந்தது. மத்திய மேற்கு மாநிலங்களில் அது கூலாஷ். நியூ இங்கிலாந்துப் பக்கம் போனால் அதையே அமெரிக்கன் சாப் சூயி என்பார்கள். ஒஹாயோவில் சீஸ் தூவி அடுப்பில் வேகவைத்தால் ஜானி மார்செட்டி. பெயர்கள்தான் வேடிக்கை. ஹங்கேரிய மொழியில் குயாஷ் என்றால் மாடு மேய்ப்பவன்; அவன் சாப்பிட்ட குழம்பில் துண்டுக் கறி உண்டு, கொத்துக்கறியும் மக்ரோனியும் கிடையாது. சாப் சூயி அமெரிக்கச் சீன ஓட்டல்களின் சரக்கு. இந்தச் சட்டியில் சீனம் என்று சொல்ல எதுவுமே இல்லை. மார்செட்டி மட்டும் நிஜமான இத்தாலியக் குடும்பப் பெயர். கொலம்பஸ் நகரத்தில் 1896-ல் ஓட்டல் தொடங்கிய தெரேசா மார்செட்டி, தன் கணவரின் சகோதரர் பெயரை வைத்தார் என்று அந்த ஊரில் சொல்வார்கள். எதையெல்லாம் ஒன்றாகப் போட்டுக் கிளறினாலும் அதற்கு ஒரு வெளிநாட்டுப் பெயர் வைத்துவிட்டால் மரியாதை வந்துவிடும் போல.

ஆனால் இந்தச் சட்டிக்குள் இருக்கும் இரண்டு முக்கியச் சாமான்களும் ஒரு காலத்தில் அமெரிக்க நடுத்தர வர்க்கத்துக்குச் சந்தேகத்துக்குரியவை. இதுதான் எனக்கு ரொம்ப சுவாரசியமாகப் பட்டது.

முதலில் பாஸ்தா. 1880க்கும் 1920க்கும் இடையில் சுமார் 40 லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்காவுக்கு வந்தார்கள், பெரும்பாலும் ஏழ்மையான தெற்குப் பகுதிகளிலிருந்து. ஊரில் கறி என்பது பண்டிகைக்கு. இங்கே கூலிக்காரன் வீட்டிலும் கறி வாங்க முடிந்தது, எனவே தக்காளிச் சாற்றில் கறி சேர்ந்தது. அவர்கள் சாப்பிட்டதைச் சமூக சேவகர்களும் அந்தக் கால ஊட்டச்சத்து நிபுணர்களும் முகம் சுளித்துப் பார்த்தார்கள். பல சாமான்களை ஒன்றாகப் போட்டு வேகவைத்தால் ஜீரணம் ஆகாது என்பது அவர்களுடைய சாஸ்திரம். கறி தனி, உருளைக்கிழங்கு தனி, காய் தனி என்று தட்டில் எல்லை பிரித்து வைப்பதுதான் நாகரிகம்.

இதை மாற்றியது யுத்தம். முதல் உலகப் போரில் ஹெர்பர்ட் ஹூவர் தலைமையிலான உணவு நிர்வாகம், கறியை மிச்சம் பிடியுங்கள், ஐரோப்பாவில் இருக்கும் படைக்கு வேணும் என்று பிரசாரம் செய்தது. கறியில்லாத நாள் என்றே ஒரு நாள் வைத்தார்கள். நேற்றுவரை ஜீரணமாகாத இத்தாலியச் சாப்பாடு, திடீரென்று சிக்கனமான தேசபக்திச் சாப்பாடு ஆனது. அதே போரால் இத்தாலியிலிருந்து பாஸ்தா இறக்குமதி நின்றுபோக, உள்ளூர் ஆலைகள் பெருகின. அதற்குக் கோதுமையும் தயாராக இருந்தது. விவசாயத் துறையைச் சேர்ந்த மார்க் கார்ல்டன் 1898-ல் தொடங்கி ரஷ்யப் பயணங்களில் கொண்டுவந்த டூரம் கோதுமை, டகோட்டா பகுதிகளின் வறட்சியைத் தாங்கி நன்றாக வளர்ந்திருந்தது. ரொம்பக் கெட்டி என்று முதலில் மாவு ஆலைக்காரர்கள் வேண்டாம் என்றார்கள். அந்தக் கெட்டித்தனம்தான் மக்ரோனிக்குத் தேவை.

அடுத்தது கொத்துக்கறி. துண்டுக் கறியில் கெட்டுப்போனது கண்ணுக்குத் தெரியும். அரைத்துவிட்டால் உள்ளே என்ன போனது என்று யாருக்குத் தெரியும்? 1906-ல் அப்டன் சின்க்ளேரின் தி ஜங்கிள் நாவல் சிகாகோ கறி ஆலைகளின் அசிங்கத்தை ஊரறியச் செய்தது. அதே வருஷம் ஜூன் 30-ம் தேதி கறிப் பரிசோதனைச் சட்டம் கையெழுத்தானது. சட்டம் வந்தாலும் பயம் உடனே போய்விடுமா? 1921-ல் கேன்சஸ் மாநிலத்தின் விசிட்டா ஊரில் தொடங்கிய ஒயிட் காஸில் கடை, பெயரிலேயே வெள்ளையை வைத்து, சுவரையும் வெள்ளையாக்கி, வாடிக்கையாளர் கண் முன்னால் சமைத்துக் காட்டியது இந்தப் பயத்தைப் போக்கத்தான்.

இரண்டாம் உலகப் போரில் இந்த இரண்டு சாமான்களும் ஒரே சட்டிக்குள் நிரந்தரமாகக் குடியேறின. 1943 மார்ச் 29 முதல் கறிக்கு ரேஷன். சிவப்புப் புள்ளிகள் கொடுத்தால்தான் கறி. நல்ல துண்டுகளுக்குப் புள்ளி அதிகம், கொத்துக்கறிக்குக் குறைவு. கைவசம் உள்ள கொஞ்சம் கறியை மாவுச்சத்தோடு சேர்த்து நீட்டிப்பதுதான் வீட்டுக்கு வீடு கலை. அப்போது கிராஃப்ட் கம்பெனியின் மக்ரோனி-சீஸ் பெட்டி கடையில் வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. 1937-ல் 19 சென்ட்டுக்கு நாலு பேர் சாப்பிடலாம் என்று விற்க ஆரம்பித்தார்கள். செயின்ட் லூயிஸ் நகர விற்பனையாளர் ஒருவர் மக்ரோனிப் பொட்டலத்தோடு சீஸ் தூள் பொட்டலத்தை ரப்பர் பேண்டால் கட்டி விற்றதைப் பார்த்துத்தான் யோசனை பிறந்தது என்பார்கள். போர்க்காலத்தில் ஒரு ரேஷன் புள்ளிக்கு இரண்டு பெட்டி கிடைத்தது. பாஸ்தாவையும் தூளையும் ஒரே பெட்டியில் போட்டு 'இதுவே ஒரு சாப்பாடு' என்று விற்க முடியும் என்பதை அது நிரூபித்தது. ஹாம்பர்கர் ஹெல்ப்பரின் நேரடி மூதாதை என்று நான் கருதுவது இதைத்தான்.

சரி, 1970க்கு வருவோம்.

பெட்டி வந்தது பெட்டி க்ராக்கர் என்ற பெயரில். (தமிழில் எழுதினால் அந்தம்மா பெயரும் பெட்டி ஆகிவிடுகிறது, என்ன செய்ய.) அப்படி ஒரு பெண்மணி கிடையாது. 1921-ல் மினியாபோலிஸ் மாவுக் கம்பெனி ஒன்று வாசகிகளின் சமையல் சந்தேகங்களுக்குப் பதில் எழுத உருவாக்கிய கற்பனைப் பெயர். அந்தக் கம்பெனிதான் பின்னால் ஜெனரல் மில்ஸ் ஆனது. 1945-ல் ஃபார்ச்சூன் பத்திரிகை, அமெரிக்காவில் அதிகம் அறியப்பட்ட பெண்களில் எலினார் ரூஸ்வெல்ட்டுக்கு அடுத்த இடத்தில் இந்த இல்லாத பெண்ணை வைத்தது. இப்படி வீட்டுப் பெண்களின் நம்பிக்கையைச் சம்பாதித்து வைத்திருந்த ஒரு பெயர்தான் உனக்கு உதவிக்கு ஆள் அனுப்புகிறேன் என்று சொன்னது. பெயரே ஹெல்ப்பர், அதாவது எடுபிடி. பின்னால் 1977-ல் விளம்பரத்துக்கு ஒரு சின்னம் வைத்தார்கள். நாலு விரலுள்ள பேசும் வெள்ளைக் கையுறை. ஆள் இல்லை, கை மட்டும்.

இனி அந்த நெருக்கடி. 1972 கோடையில் சோவியத் யூனியன் அமெரிக்கத் தானியத்தைப் பெருமளவில் வாங்கியது. அதே வருஷம் பெரு நாட்டுக் கடலில் நெத்திலி வகை மீன் வளம் சரிந்தது. அந்த மீனை உலர்த்தி அரைத்த தூள் உலகம் முழுக்கக் கோழிக்கும் பன்றிக்கும் தீனி. அது இல்லையென்றதும் எல்லாரும் சோயாவுக்குப் பாய்ந்தார்கள். தீனி விலை ஏறினால் கறி விலை ஏறாமல் இருக்குமா? நிக்ஸன் 1973 மார்ச் 29-ம் தேதி தொலைக்காட்சியில் தோன்றி மாடு, பன்றி, ஆட்டுக் கறிக்கு உச்சவரம்பு விலை அறிவித்தார். சிவப்புப் புள்ளி ரேஷன் தொடங்கிய அதே தேதி, சரியாக முப்பது வருஷம் கழித்து. தற்செயல்தான், ஆனாலும் கவனித்தபோது ஒரு மாதிரியாக இருந்தது.

உச்சவரம்பு பெண்களைச் சமாதானப்படுத்தவில்லை. ஏறிய விலையிலேயே பூட்டுப் போட்டால் யாருக்கு லாபம்? ஏப்ரல் 1 முதல் 7 வரை கறி வாங்குவதில்லை என்று நாடு முழுக்கப் புறக்கணிப்பு. நடத்தியவர்கள் பெரும்பாலும் அரசியலில் இல்லாத இல்லத்தரசிகள். தொலைபேசியில் ஒருவருக்கொருவர் சொல்லி, கடை வாசலில் நின்று துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். மற்ற உணவுகளுக்குத் தளர்த்திய பிறகும் மாட்டுக் கறிக்கு மட்டும் செப்டம்பர் வரை உச்சவரம்பு நீடித்தது. பூட்டு திறக்கட்டும் என்று பண்ணைக்காரர்கள் மாட்டை விற்காமல் பிடித்து வைத்தார்கள். ஆகஸ்டில் பல கடைகளில் கறி அலமாரி காலி. சில ஊர்களில் குதிரைக் கறி விற்றார்கள். சோயா கலந்த கொத்துக்கறியும் கடைக்கு வந்தது. பள்ளி மதிய உணவில் 1971 முதலே 30 சதவீதம் வரை சோயாப் புரதம் கலக்க விவசாயத் துறை அனுமதித்திருந்தது. ஆக, கறியை நீட்டிப்பது வீட்டுச் சமையலறை ரகசியம் என்ற நிலை போய் அரசாங்கச் சமாசாரம் ஆகிவிட்டது.

இப்போது பெட்டியின் கணக்கைப் பாருங்கள். ஒரு பவுண்டு கறியைக் கால் பவுண்டு வடைகளாகத் தட்டிச் சுட்டால் நாலு பேருக்கு ஹாம்பர்கர். அதோடு ரொட்டி வேணும், தொட்டுக்க ஏதாவது வேணும். அதே ஒரு பவுண்டு இந்த வாணலியில் ஐந்து பேருக்கு முழுச் சாப்பாடு. ஆளுக்குப் பச்சைக் கறியாக 90 கிராம். துண்டு துண்டாகப் பிரிந்து ஒவ்வொரு கரண்டியிலும் கொஞ்சம் வருவதால் கறி குறைவு என்று நாக்குக்குத் தெரியாது. கறிச் சாப்பாடு சாப்பிட்டோம் என்ற திருப்தி கெடாமல் கறியைக் குறைப்பதுதான் விஷயமே.

ஒரே சட்டியில் வேகும் சூட்சுமமும் இதற்கு ஒத்துழைக்கிறது. இத்தாலிய முறையில் பாஸ்தாவைப் பெரிய பானை நிறைய உப்புத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுவார்கள். வடித்த தண்ணீரோடு மாவுச்சத்தும் போய்விடும். இங்கே தண்ணீரை அளந்துதான் ஊற்றுகிறோம். பாஸ்தா தனக்கு வேண்டியதை உறிஞ்சிக்கொள்ள, அது விட்ட மாவுச்சத்து மிச்சத் தண்ணீரிலேயே தங்கிக் குழம்பைக் கெட்டிப்படுத்துகிறது. பொட்டலத்தில் இருக்கும் சோளமாவு மீதி வேலையைச் செய்கிறது. சட்டியின் அடியில் ஒட்டிய கறியின் வறுவலும் அதிலேயே கரைகிறது. வடிகட்டி வேண்டாம், இரண்டாவது பாத்திரம் வேண்டாம், தனியாகக் குழம்பு வைக்க வேண்டாம். நடுவில் ஓரிரு முறை கிளறாவிட்டால் மட்டும் அடிப்பிடிக்கும்.

ஆனால் இதில் எதற்குமே பெட்டி அவசியமில்லை, கவனித்தீர்களா? மக்ரோனி வீட்டில் இருக்கும். சோளமாவு, வெங்காயம், மிளகாய்த் தூள், தக்காளி டப்பா எல்லாம் இருக்கும். கூலாஷ் செய்யப் பாட்டி சொல்லிக்கொடுத்திருப்பாள். பெட்டி புதிதாகக் கொடுத்தது சமையலை அல்ல என்பது என் எண்ணம். ராத்திரிக்கு என்ன செய்வது என்ற யோசனையை அது எடுத்துக்கொண்டது. வேலை முடிந்து வீட்டுக்கு வரும் ஒருத்தி அலமாரியைத் திறந்து நிற்கும் அந்த ஐந்து நிமிஷம் இருக்கிறதே, அதை.

1970-ல் அமெரிக்காவில் 16 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 43 சதவீதம் வேலைச் சந்தையில் இருந்தார்கள். 1980-ல் பாதியைத் தாண்டிவிட்டது. 1974-ல் ஜோன் வானெக் என்ற சமூகவியலாளர் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். வேலைக்குப் போகாத பெண்கள் வீட்டு வேலைக்குச் செலவழித்தது 1920களில் வாரம் சுமார் 52 மணி நேரம். சலவை இயந்திரம், குளிர்பதனப் பெட்டி எல்லாம் வந்த பிறகு 1960களில் 55 மணி நேரம். குறையவே இல்லை! வேலைக்குப் போன பெண்களுக்கு மட்டும் 26 மணி நேரம். பாதிக்கும் கீழே. மீதியைக் கணவர் செய்தாரா என்றால், மனைவி வேலைக்குப் போகும் வீட்டுக் கணவரும் போகாத வீட்டுக் கணவரும் செய்த வேலையில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை என்றார் வானெக். அப்போது அந்த மீதி எங்கே போனது? கொஞ்சம் செய்யாமலே விடப்பட்டது, கொஞ்சம் இதுபோன்ற அட்டைப்பெட்டிகளுக்குள் போனது. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-ல் எழுதிய மோர் வொர்க் ஃபார் மதர் என்ற புத்தகம் இந்தக் கேள்வியை இன்னும் ஆழமாகத் தோண்டுகிறது. ஆர்வமுள்ளவர்கள் அவசியம் படிக்கலாம்.

பெட்டிக்குப் பத்து வருஷம் முன்னாலேயே இந்த அலுப்பைப் பச்சையாக எழுதியவர் பெக் ப்ராக்கன். 1960-ல் வந்த அவருடைய தி ஐ ஹேட் டு குக் புக், சமைக்கப் பிடிக்காதவர்களுக்கான சமையல் புத்தகம். ஆண் பதிப்பாசிரியர்கள் பலர் இதை யார் வாங்குவார்கள் என்று திருப்பி அனுப்பிய புத்தகம் 30 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதில் ஸ்கிட் ரோடு ஸ்ட்ரோகனாஃப் என்று ஒரு குறிப்பு உண்டு. கொத்துக்கறி, நூடுல்ஸ், டப்பா சூப். ஸ்கிட் ரோடு என்பது குடிகாரர்களும் வீடற்றவர்களும் கிடக்கும் தெரு. ரஷ்யப் பிரபுக் குடும்பத்தின் பெயரால் வழங்கும் ஒரு பதார்த்தத்துக்கு முன்னால் அந்தத் தெருவை ஒட்டவைத்திருக்கிறார். ஜெனரல் மில்ஸ் முதலில் விட்ட ஹெல்ப்பர் ரகங்களிலும் ஒரு ஸ்ட்ரோகனாஃப் இருந்தது. கிண்டலை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

கிண்டல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. பத்து வருஷத்தில் ஹெல்ப்பர் என்றாலே வசதியில்லாதவன் சாப்பாடு, சோம்பேறி அம்மா சாப்பாடு என்ற முத்திரை விழுந்தது. 1983-ல் வந்த நேஷனல் லாம்பூன்ஸ் வெகேஷன் படத்தில் ஏழைச் சொந்தக்காரர் வீட்டில் கறியே போடாத ஹாம்பர்கர் ஹெல்ப்பர் பரிமாறுவார்கள். தியேட்டர் சிரித்தது. உதவிக்கு வந்தவன் மட்டும் மிஞ்சி முதலாளி காணாமல் போன வீடு. ரீகன் காலத்து வேலையில்லாத் திண்டாட்டத்தை நினைத்துக்கொண்டு பார்த்தால் அவ்வளவு சிரிப்பு வரவில்லை.

2013-ல் மார்த்தா ஸ்டுவர்ட்டின் பத்திரிகையில் ஒரே வாணலிப் பாஸ்தா என்று ஒரு குறிப்பு வந்தது. பச்சைப் பாஸ்தா, தக்காளி, வெங்காயம், பூண்டு, துளசி வகை இலை, தண்ணீர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வேகவைப்பது. தெற்கு இத்தாலியின் புலியாவில் கற்றுக்கொண்டது என்றார்கள். இணையமே கொண்டாடியது. சட்டிக்குள் நடந்த வேலை அதே வேலைதான். கறியும் பொட்டலமும்தான் இல்லை. அதற்கு நாலு வருஷம் முன்பு ஹெரால்டு மெக்கீ நியூயார்க் டைம்ஸில், ஒரு பவுண்டு பாஸ்தாவுக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் தண்ணீரே போதும் என்று செய்து பார்த்து எழுதியிருந்தார். அதுவும் பாராட்டப்பட்டது. அடுப்பு எரிபொருளும் மிச்சம் என்றார். மாசக் கடைசியில் அதையே செய்த பெண்களை யாரும் பேட்டி எடுக்கவில்லை.

2013-ல் பெட்டியின் பெயரிலிருந்து ஹாம்பர்கர் உதிர்ந்து வெறும் ஹெல்ப்பர் ஆனது. 2022-ல் ஜெனரல் மில்ஸ் அதை, இன்னொரு பெட்டிச் சரக்கோடு சேர்த்து, சுமார் 61 கோடி டாலருக்கு விற்றுவிட்டது. 1975-ல் அமெரிக்காவில் 13.2 கோடி மாடுகள் இருந்தன. 2025 ஜனவரிக் கணக்கெடுப்பில் 8.67 கோடி, 1951க்குப் பிறகு இவ்வளவு குறைந்ததில்லை. வறட்சியும் தீனிச் செலவும் சேர்ந்து பண்ணைக்காரர்களை மந்தையைக் குறைக்க வைத்துவிட்டன. அந்த ஜூனில் ஒரு பவுண்டு கொத்துக்கறியின் சராசரி விலை 6 டாலரைத் தாண்டியது. பெட்டியின் பின்பக்கக் குறிப்பு இன்னும் ஒரு பவுண்டு என்றுதான் சொல்கிறது.